மீனம்பாளின் கைநாட்டு

13-6-1966, திங்கள்

ஆரணியிலிருந்து மாற்றலாகி செஞ்சிக்கு வந்து ஒன்பது மாதம். இன்றும் அடுப்பு மூட்டவில்லை. ஒருத்திக்காக எதற்கு?

தொண்டூரில் ஒன்பது தாய்மார்களிடம் கைநாட்டு வாங்கினேன், சென்னை டாக்டரின் ஆராய்ச்சிக்கு. படிவம் இங்கிலீஷில் இரண்டு பக்கம். பால் மாவு வாங்கத்தான் இது என்று சொன்னேன். அவர் அப்படித்தான் சொல்லச் சொன்னார். விளக்கிக்கொண்டிருந்தால் ஒருத்தியும் வரமாட்டாளாம். மீனம்பாள் தயங்கினாள். நானே அவள் பெருவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து அழுத்தினேன். அவள் பெண் அமிர்தவல்லிக்கு எட்டு மாதம். சிலருக்குச் சிவப்பு டப்பா மாவு, அவளுக்கு நீல டப்பா கொடுத்தேன்.

கிளம்பும்போது, "சாப்டியாக்கா?" என்றாள். இங்கே என்னை அப்படிக் கேட்கிற ஒரே ஆள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

19-6-66, ஞாயிறு

பேச ஆளில்லை. பொழுது போகாமல் அந்தப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் தடவையாக!

சிவப்பு டப்பாவில் ரத்தம் ஊற மருந்து கலந்திருக்கிறது. நீலத்தில் வெறும் மாவு. ஆறு மாதம் குழந்தைகளின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவார்களாம். விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி. அந்த வரியை யாரிடம் சொன்னேன்?

கமருன்னிசா, நீ நர்சா, தரகரா?

11-7-66

முதல் ரத்தம் எடுத்த நாள். அமிர்தவல்லியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதமாட்டம் இருக்குது. டாக்டரிடம் தனியாகச் சொன்னேன், இதற்கு உடனே மருந்து வேண்டும் என்று. நடுவில் மாற்றினால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

போக வேண்டியவர் போயிட்டார். நான்ல அந்த ஊருக்குத் திரும்பப் போவணும். இன்னா பொழப்பு இது.

12-7-66

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

மீனம்பாள் கூழ் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எங்க வூட்ல யாரு கைநாட்டு வச்சாலும் எதனா ஒண்ணு போயிடும். இந்த வாட்டி எம் புள்ளையா? என் கைநாட்டக் குடு, நர்சம்மா."

அக்கா போய் நர்சம்மா ஆகிவிட்டேன். பையிலிருந்து அவள் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். கிழிக்கவில்லை, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

14-7-66

மற்ற எட்டுப் பேரிடமும் சொன்னேன். ஆறு பேர் கைநாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

25-7-66

சென்னையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். விஷயத்தைச் சொல்லாமல் கைநாட்டு வாங்கினோம், அதனால் திருப்பிக் கொடுத்தேன் என்று பதில் எழுதினேன். வேலை போனால் போகட்டும். ஆரணியிலும் எனக்காகக் கதவைத் திறந்துவைத்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

1-8-66

அம்மைப்பால் குத்தத் தொண்டூர் போனேன். ஒரு வீட்டிலும் உட்காரச் சொல்லவில்லை. பஸ்ஸில் அழுதேன்.

22-8-66

வேலை போகவில்லை. புதுப் படிவம் வந்திருக்கிறது, தமிழில். வெளுத்த குழந்தைகளுக்கு உடனே மருந்து என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தது யாரோ, தெரியவில்லை.

மீனம்பாள் வீட்டு வாசலில் நின்றபடியே அவளுக்கு முழுக்கப் படித்துச் சொன்னேன். அமிர்தவல்லி அவள் இடுப்பிலிருந்து என் பையை இழுத்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி மருந்தில் இமை சிவந்திருக்கிறது.

"ரத்தம் எடுத்தா எங்களுக்கு இன்னா லாபம்?"

உனக்கு ஒன்றுமில்லை, பின்னால் பிறக்கிற பிள்ளைகளுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம் என்றேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாம்."

விருப்பமில்லை என்று எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டினேன். தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"சாப்டியாக்கா?"

இல்லை என்றேன்.