உன் கல்லில் அவர்கள் எழுத வந்தது

என் செல்லம் ரூபிக்கு,

உன் கல்லறையில் மண் இன்னும் அமரவில்லை. அதற்குள் உன் தலைமாட்டில் என்ன எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு வந்துவிட்டார்கள்.

யார் தெரியுமா? உங்கள் காலேஜ் கணிதத் துறைத் தலைவி கிளாடிஸ் அம்மாவும், நம் சபைப் பாஸ்டரும்தான். கோச்சடை வீட்டு வாசலில் கார் நின்றதும் சொந்தக்காரர்கள் யாரோ என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். திறந்தது என் தப்பு.

உட்கார்ந்ததுமே அந்த அம்மா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் ஆமென் வரவில்லை. நான் பாட்டுக்கு எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீ சொல்லிச் சொல்லிச் சிரித்ததெல்லாம் சத்தியம் ரூபி. தினமும் காலையில் துறையில் இதே கதைதானே? யார் பிந்தி வந்தது, யார் லீவு போட்டது என்று ஆண்டவருக்கே செய்தி வாசிப்பார்களாம். மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்களாம். நீ மட்டும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

"ஆண்டவரை விடப் பாடம் பெருசா மேடம்?" என்று அந்த அம்மா ஒருநாள் கேட்டதாம்.

"ஆண்டவர் அடுத்த பீரியடுக்கும் இருப்பாரு மேடம். பிள்ளைங்க இருக்காது" என்றாயாமே. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த ஒரு பேச்சுக்காக உனக்குப் பக்தி குறைவு என்று முடிவு கட்டினார்கள். தலைமைப் பொறுப்பு உன்னைத் தாண்டிக் கிளாடிஸுக்குப் போனது. சபையிலும் காதோடு காதாகப் பேசி, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க வேண்டாம் என்றார்கள். அன்று நீ சிரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் சேலையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாய்.

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து, மூச்சிரைக்க ஓடிவந்து உட்காருகிற பிள்ளைக்கு முன்னால் டீச்சர் நிற்க வேண்டும். அதற்குத்தான் ஆண்டவர் உன்னை அழைத்தார் என்பாய். 'ஏண்டி, ஊழியத்துக்குப் போகலியா?' என்று நான் கேட்டால், 'தினம் போய்ட்டுத்தானக்கா வாரேன்' என்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது விளங்கியது. மேடையில் பேசுகிறவர்களுக்கு ஏன் விளங்கவில்லை?

ஜெபம் ஒருவழியாக முடிந்ததும் போனை நீட்டினார்கள். 'ஜெப வீராங்கனை. இடைவிடாமல் முழங்காலில் நின்றவர்' என்று எழுதியிருந்தது. உன் முழங்காலுக்கு ராவெல்லாம் தைலம் தேய்த்தவள் நான். நாளெல்லாம் நின்று பாடம் நடத்திய வலியில்லையா அது?

"யாரு, எந்தங்கச்சியா?" என்றேன்.

"ஆமாக்கா. படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு சாட்சியா இருக்கும்ல."

"அவ உங்க ஜெபத்துல பாதியில எந்திரிச்சுப் போனவல்ல? அதுக்குத்தான பக்தியில்லன்னீங்க?"

பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "பழசக் கிளறாதீங்கம்மா. இறந்தவங்களப் பத்தி நல்லதுதான் எழுதணும்."

"எழுதுங்க பாஸ்டர். பொய்ய எதுக்கு எழுதுறீங்க?"

"கீழ எங்க துறை பேரும் வருதுக்கா. மேடத்துக்கு ஒரு மரியாதைதான்" என்றது அந்த அம்மா.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. நீ உயிரோடு இருந்தபோது உன் பக்கத்தில் நிற்கக் கூசியவர்கள், உன் கல்லில் இடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். உன்னை அவர்களைப் போலவே ஆக்கிவிட்டால், அவர்கள் செய்ததும் சரியாகிவிடும் அல்லவா?

"உங்க கல்லும் வேணாம், பேரும் வேணாம். கொண்டாந்த ஆப்பிளையும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாராளமாக ஜெபிக்கட்டும், வகுப்பு நேரம் போக.

கதவைச் சாத்திவிட்டுத்தான் அழுதேன். நீ இருந்திருந்தால் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பாயோ? எனக்கு அந்த மனசு வரவில்லை. வரத்தான் வேண்டுமா ரூபி?

மறுநாள் ஷேர் ஆட்டோ ஏறி அவனியாபுரத்தில் ஒரு கல் பட்டறைக்குப் போனேன். என்ன எழுத வேண்டும் என்று சொன்னதும் கொத்துகிறவர் தலையைச் சொறிந்தார்.

"வசனம் ஒண்ணும் இல்லியாக்கா?"

"வேணாம்ணே. 'ரூபி, கணக்கு டீச்சர்.' அம்புட்டுத்தான்."

"டாக்டர் பட்டமெல்லாம் வாங்குனவுகன்னீகளே?"

"வாங்குனா. யாரு கேட்டாலும் அவ இப்பிடித்தான்ணே சொல்லுவா."

கல் தயாராகிவிடும். வைக்கிற அன்றைக்கு நானே பக்கத்தில் நிற்பேன். யார் என்ன பேசினாலும் சரி, எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் உன் தலைமாட்டில் பொய் ஏறாது.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா,
பாக்கியம்