தொட்டியைப் பார்க்க வந்தவர்கள்

தோக்மோக்
மார்ச், பனி உருகும் நாள்கள்

அன்புள்ள எர்மெக்,

நலம்தானே? நோவோசிபிர்ஸ்க்கில் இன்னும் குளிர் விடவில்லை என்று உங்கள் அண்ணன் சொன்னார். விடுப்பு முடிந்து நாளை உங்கள் வேலையிடத்துக்குத் திரும்பும் மாரிப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். பகலில் நீங்கள் கட்டட வேலையில் இருப்பீர்கள். மற்ற நேரமெல்லாம் போன் சாப்பாட்டு விரிப்பின் நடுவில், ஸ்பீக்கரில் கிடக்கிறது. நாம் பேசுவதை வீடே மென்றுகொண்டு கேட்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிஷ்கேக்கில், நான் வேலை செய்யும் நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். நீங்கள் ஊர் திரும்பும்வரை அங்கே இருக்கப்போகிறேன். அதை உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது ஓடிப்போனதாகிவிடும்.

காரணம் மீன்தொட்டிதான். சிரிக்காமல் படியுங்கள்.

நீங்கள் கிளம்பும் முன் அந்தக் குட்டிச் சிக்லிட் ஜோடிக்குத் துணை தேடி, மீனும் விற்கிற அந்தப் பறவைச் சந்தை முழுக்க அலைந்தோமே. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். தரையை ஒட்டியே வாழ்பவை. குஞ்சு வந்துவிட்டால் பக்கத்தில் ஒருவரையும் சேர்க்காதவை. அதனால்தான் மேல்தண்ணீரிலேயே திரிகிற, வாய் சிறுத்த பென்சில் மீன்களைக் கேட்டேன். மேலே அவை பதறாமல் நீந்தினால்தான் கீழே உள்ளவை ஆபத்தில்லை என்று நம்பி வெளியே வரும். அடியில் மேய்கிற கெளுத்தி வேண்டாம், முட்டையைத் தின்றுவிடும். துடுப்பைக் கடிக்கிற டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் முன்னாலேயே கேட்டீர்கள்: "என்ன சாய்கல், மீன் வாங்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?" அன்று நானும் சிரித்தேன்.

தொட்டியை என் அறையிலேயே வைத்திருக்கலாம். அத்தைதான் விருந்தினர் கூடத்துக்கு மாற்றினார். புதிதாக வந்ததைப் பார்க்க வருகிறவர் கொரும்துக் இல்லாமல் வரக் கூடாதே. மருமகள் முகம் பார்க்க, பிறந்த பிள்ளையைப் பார்க்க, புதுக் கார் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பரிசு உண்டு. மீன்தொட்டிக்கும் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை. மீன்தொட்டிக்கு வேறென்ன கொண்டுவருவார்கள்? மீன்தான்.

முதலில் உங்கள் சித்தி, கைப்பிடி அளவில் இரண்டு தங்கமீன்களோடு வந்தார். "இது குளிர்ந்த தண்ணி மீன் சித்தி, இந்தச் சூடு ஆகாது" என்றேன். "ஏன், நாங்கல்லாம் கோடையில செத்தா போறோம்? போடுடி, போடு" என்றார். அடுத்து உங்கள் அண்ணன். அவர் கொண்டுவந்தது ஒரு பை நிறைய டைகர் பார்ப். தனிப் பாத்திரத்தில் வைத்தேன். மறுமுறை வந்தவர் கூடத்தில் நின்று கேட்டார்: "எங்கடா என் மீனு? பெரிய எடத்துப் பொண்ணுங்களோட சேர்த்துக்க மாட்டீங்களோ?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "கொரும்துக்க ஒதுக்கி வைக்கிற வீடா இது? உன் படிப்பப் புஸ்தகத்தோட வச்சுக்க மருமகளே." நானே என் கையால் அவற்றைத் தொட்டியில் விட்டேன்.

பிறகு வருகிறவர்கள் எல்லாம் விரிப்பிலிருந்து எண்ணெயில் பொரித்த பொர்சோக் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்கள், மீனும் விருந்தாளியாம். எண்ணெய் படர்ந்து, மாவு ஊறிப் புளித்து, கூடமே நாறியது. அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து எவ்வளவு அழகு என்றார்கள். ஆண் சிக்லிட்டின் முதுகுத் துடுப்பைப் பார்ப் மீன்கள் தண்டுவரை கொறித்துவிட்டன. அது வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கிச் செத்தது. நான் பார்த்தபோது தங்கமீன் அதன் வயிற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அன்றுதான் போனில் உங்களிடம் அழுதேன். "மீனுக்கா அழுவுற? அம்மா மனச நோகடிக்காத, பழகிடும்" என்றீர்கள். ஸ்பீக்கரைச் சுற்றி இருந்தவர்கள் உங்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

போன வாரம் பெண் மீன், குஞ்சு காக்கும்போது ஏறுகிற மஞ்சள் நிறத்தோடு, ஒளிந்துகொள்ள நான் வைத்த தேங்காய்ச் சிரட்டைக்குள்ளிருந்து, ஆண் சாகும் முன்பே இட்ட முட்டையில் பொரிந்த குஞ்சுகளை வெளியே கூட்டி வந்தது. அத்தை பக்கத்து வீட்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டார். தன்னைவிடப் பல மடங்கு பெரிய தங்கமீன்மேல் அது பாய்ந்தது, பார்ப் பக்கம் திரும்பியது, மறுபடி தங்கமீன். அதன் முதுகுக்குப் பின்னால் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. "அடி ஆத்தே, தூசி உறிஞ்சுற மெஷின் மாதிரில்ல இழுக்குது!" என்று ஒருத்தி கைதட்டினாள். "இன்னொன்னு! அந்தா, இன்னொன்னு!" என்றாள் மற்றவள்.

நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன், எர்மெக். கிண்ணத்தை நிரப்பினால் விருந்தாளியைப் போகச் சொல்வதாக ஆகிவிடும், பாதிதான் ஊற்ற வேண்டும். குஞ்சுகள் போய்க்கொண்டிருந்தபோதும் என் கை அந்தப் பாதியைத் தாண்டி ஊற்றவில்லை. அவர்கள் மேல் இருக்கிற அருவருப்பைப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை பெண் மீனையும் மிஞ்சிய குஞ்சுகளையும் ஊறுகாய் ஜாடியில் போட்டு, கோட்டுக்குள் அணைத்தபடி மினிபஸ்ஸில் கொண்டுபோனேன். அறையின் ஜன்னலோரம் சின்னத் தொட்டியில் இருக்கின்றன. துணைக்கு எதையும் விடவில்லை. வேலை முடிந்ததும் போய்த் தீனி போடுகிறேன். அது குஞ்சுகளோடு வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி வண்டியில் இங்கே திரும்புகிறேன். இங்கே கூடத்தில் மஞ்சள் மீன் இல்லை என்பதை இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

சாரத்தில் ஏறும்போது கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள், வேகமாக முடிக்கச் சொல்கிறார்கள் என்று அவிழ்த்துவிடாதீர்கள். காலுறை இரண்டு ஜோடி மாரிப்பிடம் தந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அம்மாவிடம் அந்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள், கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலருகே ஸ்பீக்கரைக் கேட்டபடி நிற்பேன், ஓடி வந்து வாங்குகிறேன். அதைச் சொல்லாமல் என்னைக் கேட்டீர்களானால், அவர்கள் எழுந்து ஒவ்வோர் அறையாகத் தேட வேண்டியிருக்கும்.

நீங்கள் போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

சாய்கல்