வீட்டுச் சார்ஜ் பெட்டியும் என் கணவரின் கழுத்தும்

அனுப்புநர்
எ. ஜோஸ்பின்,
க/பெ எழிலரசன்,
அந்தோணியார் நகர், கரியமாணிக்கம் அஞ்சல்,
நெட்டப்பாக்கம் கொம்யூன், புதுச்சேரி.
(தற்சமயம் உயிருக்குப் பயந்து தங்கியிருப்பது: பிள்ளைச்சாவடி, என் அக்கா வீடு)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுச்சேரி.

பொருள்: வீட்டில் முறையாக அமைத்த பேட்டரி ஆட்டோ சார்ஜ் இணைப்பை அபகரித்து, தட்டிக்கேட்ட என் கணவரைச் சார்ஜ் கேபிளால் கழுத்தில் கட்டி இழுத்துச் சென்றவர்கள் மீது வழக்குப் பதியவும், எங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: காவல் நிலையத்தில் நான் நேரில் கொடுத்து, இதுவரை ரசீது தரப்படாத இரண்டு மனுக்கள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பேட்டரி ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவள். என் கணவர் எழிலரசன் கொத்தனார். ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். என்மீது கொலை முயற்சி வழக்கு ஒன்று உள்ளது, ஜாமீனில் இருக்கிறேன். அதை மறைத்துக்கொண்டு இம்மனுவை எழுதவில்லை. எங்கள் ஊர் வீரமணி என்பவரின் காலை என் ஆட்டோ நசுக்கியது உண்மை. அது ஏன் நசுக்கியது என்று கேட்கத்தான் எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒருவருக்கும் மனமில்லை. ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

ஆட்டோ வாங்கிய புதிதில் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போட்டோம். ஒரு நாள் பிளக் உருகிச் சுவரெல்லாம் கரியாகிவிட்டது. மகள் தலைவைத்துப் படுக்கும் இடம் அது. அன்றே தனி இணைப்புக்கு விண்ணப்பித்தோம். மின்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். என் கணவர் வேலைக்குப் போகாமல் நின்று, வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டிச் சார்ப்பு இறக்கினார். எர்த் குழி வெட்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடினார். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து, கனமான ஒயரும், லோடு கூடினால் தானே அணையும் டிரிப்பரும் போட்டு, பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள் பிளக் அமைத்தோம். மீட்டர் தனி, பில் தனி. எந்தப் பில்லையும் நாங்கள் நிலுவை வைத்ததில்லை.

அந்த இணைப்பு வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. காலையில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களைப் பேருந்து நிறுத்தத்தில் விடுவேன். பிறகு பள்ளிப் பிள்ளைகள். நடுவில் யாராவது மாசமான பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் கூப்பிடுவார்கள். சார்ஜ் இறங்கி வழியில் நிற்குமோ என்ற பயம் இல்லாமல் ஓட்டினேன்.

வீரமணி கரும்பு நிலமும் பெரிய இடத்துப் பழக்கமும் உள்ளவர். சில பேட்டரி ஆட்டோக்களை வாங்கி நாள் வாடகைக்கு விடுகிறார். அவர் ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, ஒரே ஒரு வண்டிய மட்டும் சொருவிக்கிறேன். கரண்டுக்கு ஆவறத குடுத்துடறேன்" என்றார். உங்கள் வீட்டிலேயே போடலாமே என்று என் கணவர் கேட்டதற்கு, "எங்க வூட்டு மீட்டரு ஏறிப்புடும்பா" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஊர்ப் பெரிய மனிதர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. முதல் மாதம் பணம் கொடுத்தார். அதை வாங்கியதை நான் மறுக்கவில்லை.

அடுத்த மாதம் பணமும் இல்லை, கேள்வியும் இல்லை. ஒரு வண்டி போய் வரிசையாக வண்டிகள் வந்தன. அவருடைய மைத்துனர் மணிவண்ணன் வருவார், என் வண்டியின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு அவர்களுடையதைச் சொருகுவார். நான் பாதிச் சார்ஜில் கிளம்பி, பள்ளிப் பிள்ளைகளை நடுரோட்டில் இறக்கி நடக்கவைத்த நாள் உண்டு. ஒயர் தொட முடியாதபடி சுட்டது. பில்லைப் பார்த்து என் கணவர் வாய்விட்டு அழுதார். கேட்கப் போனபோது வீரமணி எங்கள் சாதியைச் சொல்லிப் பேசியதை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. மற்றதை எழுதுகிறேன்: "கரண்டு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா? கவர்மெண்டு கரண்டுடா. இனிமே கேட்டுகிட்டு வாசப்படி ஏறாத."

நாங்கள் பெட்டியைப் பூட்டினோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம்.

மறுநாளே மணிவண்ணன் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். தடுத்த என் கணவரின் வாயில் கடப்பாரையின் முனையால் இடித்தார். முன்பல் உடைந்து உதடு கிழிந்தது. ரத்தத்தோடு காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மனுவைப் படிக்காமலே மேசைக்குள் போட்டுவிட்டு, வீரமணிக்கு போன் செய்து வரவழைத்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எங்களை நிறுத்திவைத்துப் பேசினார். "ஒரு பிளக்கு பாயிண்டுக்கு இன்னாம்மா ஸ்டேஷன் வரைக்கும்? ஊருக்குள்ளயே பேசித் தீத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். தீர்த்துவிட்டார்கள், ஐயா. அதைத்தான் கீழே சொல்கிறேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து நானும் மகளும் வீட்டுக்கு வந்தோம். என் வண்டி சார்ஜில் நின்றது. வீரமணி, மணிவண்ணன், இன்னும் இரண்டு பேர் ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். என் பிளக்கை வழக்கம்போலப் பிடுங்கி எறிந்தார்கள். என் கணவர் பெட்டிக்கு முன்னால் போய், முதுகை அதில் சாய்த்து நின்றுகொண்டார். அவர் சண்டைக்காரர் அல்லர். ஊரில் எவரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

மணிவண்ணன் இரும்புக் குழாயால் அவருடைய தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் அவர் நகரவில்லை. இரண்டாவது அடி முழங்காலில். அவர் மண்டியிட்டு விழுந்ததும் வீரமணி தன் கையிலிருந்த சார்ஜ் கேபிளை அவர் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். "கரண்டு கரண்டுன்னியேடா, இந்தா வச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே மறுமுனையைத் தங்கள் ஆட்டோவின் பின்கம்பியில் கட்டினார். என் மகள் வீரமணியின் காலைப் பிடித்துக் கதறினாள். அவளை உதைத்துத் தள்ளினார். மணிவண்ணன் வண்டியை எடுத்தார். வீரமணி பின்பக்கப் படியில் நின்றுகொண்டு, இழுபட்டு வருகிறவரைப் பார்த்துக்கொண்டே போனார்.

எங்கள் தெரு இன்னும் ஜல்லியோடு கிடக்கும் தெரு. என் கணவர் இரண்டு கைகளாலும் கேபிளைக் கழுத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டதால்தான் உயிர் பிழைத்தார் என்று மருத்துவர் சொன்னார். விரல்களில் சதை இல்லாமல் போனது. சட்டை போனது, பிறகு முதுகுத் தோல் போனது. தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. நான் ஓடினேன், சேலை காலில் சிக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தபோது வண்டி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கரும்புத் தோட்டப் பக்கம் திரும்பியிருந்தது. தோட்டத்துக்குள் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே போய்விட்டால் அவரை நான் உயிரோடு பார்க்க மாட்டேன் என்று தெரிந்தது.

திரும்பி ஓடி என் ஆட்டோவை எடுத்தேன். பிளக்கை அவர்களே பிடுங்கிவிட்டதால் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. குறுக்கே களத்துமேட்டு வழியாகப் போய்ப் பக்கவாட்டில் வந்தேன். வீரமணி கடைசி வரை என்னைப் பார்க்கவில்லை. நான் பிரேக் பிடிக்கவில்லை. தெரிந்தே மோதினேன். அவர்கள் வண்டி வாய்க்கால் பக்கம் கவிழ்ந்தது. வீரமணியின் கால் அதற்கும் என் வண்டியின் முன்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டியது. மணிவண்ணனும் கூட வந்த இருவரும் எழுந்து ஓடிவிட்டார்கள்.

வீரமணி, "அக்கா, தூக்குக்கா, வண்டியத் தூக்குக்கா" என்று அலறினார். நான் அவரிடம் போகவில்லை. என் கணவரிடம் போனேன். அவர் முகம் கருத்து, நாக்கு வெளியே வந்திருந்தது. முடிச்சு இறுகிக்கிடந்தது, என் நகம் பிய்ந்ததே தவிர அவிழவில்லை. தோட்டத்து முனையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த காசம்மாள் என்பவர் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்து, "கைய எடுடி ஜோஸ்பினு, கைய எடு" என்று என்னைத் தள்ளிவிட்டுக் கேபிளை அறுத்தார். என் கணவர் மூச்சு இழுத்த பிறகுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி வீரமணியை வெளியே எடுத்தோம். அவரையும் என் ஆட்டோவிலேயே என் கணவருக்குப் பக்கத்தில் கிடத்தி, சார்ஜ் தீர்ந்து வண்டி நிற்கும்வரை ஓட்டி, வழியில் வந்த வேனில் மாற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். முதல் தகவல் அறிக்கையில் அது இல்லை.

அந்த அறிக்கையில் என் கணவர் தாக்கப்பட்டதே இல்லை, ஐயா. முன்விரோதம் காரணமாக நான் ஆட்டோவை ஏற்றிக் கொல்ல முயன்றதாகவும், என் கணவர் 'தவறி விழுந்து' காயமடைந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். என் ஆட்டோவைப் பறிமுதல் செய்து நிலைய வாசலில் வெயிலில் போட்டிருக்கிறார்கள். அறுந்த கேபிளை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தேவையில்லை என்று திருப்பித் தந்தார்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் சிறையில் இருந்தபோது, வீட்டு இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதாகப் புகார் வந்தது என்று மின்துறையினர் மீட்டரையும் கழற்றிப் போய்விட்டார்கள். புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன். மணிவண்ணன்.

என் கணவரின் குரல்வளை நொறுங்கிவிட்டது. பேச்சு வராது, வந்தாலும் பழைய குரல் வராது என்கிறார்கள். அவருடைய புகாரை விரல் கட்டோடு அவரே எழுதி, நான் எடுத்துக்கொண்டு இரண்டாவது முறையாகக் காவல் நிலையம் போனேன். அப்போது அந்த அதிகாரி சொன்னது: "எழுதிக் குடுத்தா எவன் எழுதுனதுன்னு யாருக்குத் தெரியும்? அடிபட்டவரே வந்து வாயால சொல்லட்டும்மா." என் கணவர் அப்போது எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்து காட்டினார். காற்றுதான் வந்தது. அந்த அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஃபைலை எடுத்தார்.

அன்று மாலையே எங்கள் சார்ப்புக்குத் தீ வைத்தார்கள். மகள் புத்தகங்கள் அதில் போயின. "வூடு இருக்கும், உள்ள ஆளு இருக்காது" என்று மணிவண்ணன் தெருவில் நின்று சொன்னதைக் காசம்மாள் கேட்டிருக்கிறார். கேபிளை அறுத்த பாவத்துக்கு அவருக்கும் இப்போது யாரும் கரும்பு வெட்டும் வேலை தருவதில்லை. சாட்சி சொல்ல அவர் தயார். அவருக்கும் பாதுகாப்பு வேண்டும்.

எனவே, என் கணவருக்கு நேர்ந்த கொலைவெறித் தாக்குதலுக்குத் தனி வழக்குப் பதியவும், அதை எங்கள் பகுதிக் காவல் நிலையம் தவிர வேறு அதிகாரியைக் கொண்டு விசாரிக்கவும், பேச முடியாதவரின் வாக்குமூலத்தை எழுத்து வழியாகப் பெறவும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். மீட்டரை மீண்டும் பொருத்தவும், முதல் மாதம் வாங்கிய பணத்துக்கு அபராதம் இருந்தால் அதை எனக்கு விதிக்கவும் கேட்டுக்கொள்கிறேன், கட்டிவிடுகிறேன். ஆட்டோ கைக்கு வராமல் எங்களுக்கு அடுப்பு எரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் வீட்டில் நாங்கள் போய்ப் படுக்க வழிசெய்ய வேண்டும். மகளுக்குப் பரீட்சை வருகிறது.

இம்மனுவைக் கொடுக்கும்போது என் கணவரும் உடன் வருவார். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருப்பார். மகள் பார்க்கக் கூடாது என்பதற்காகப் போட்டது. தாங்கள் ஒரு சொல் சொன்னால் எடுத்துக் காட்டுவார். அவரிடம் கேள்வி ஏதும் கேட்க வேண்டியிருக்காது.

நான் செய்ததற்கு நீதிமன்றத்தில் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் செய்ததற்கும் யாரையாவது பதில் சொல்ல வையுங்கள், ஐயா.

இடம்: புதுச்சேரி
நாள்: 17.02.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்,
(ஒப்பம்) எ. ஜோஸ்பின்

மேலே கண்டவை அனைத்தும் எனக்கு நடந்தவை. என் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.
(ஒப்பம்) எழிலரசன்

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு நகல், கடைசியாகக் கட்டிய மின்கட்டண ரசீது நகல். கேபிள் நேரில் ஒப்படைக்கப்படும்.