செல்வி பிழைத்தாளா என்று உன் அம்மா கேட்கிறாள்

என் செல்லம் எழிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உன் பெயரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரையும் சொல்லவிட்டதும் இல்லை. இப்போது நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதி. உன் அம்மா என்னோடு பேசிவிட்டாள். எட்டு மாதமாக "சோறு வச்சிகீது", "கேஸ் தீந்துடுச்சி" என்ற இரண்டைத் தவிர அவளிடமிருந்து எனக்கு வேறு பேச்சு கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கல்லூரிப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். உன் கறுப்பு அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"செல்வி பொழச்சாளா, இல்லியா?"

"எந்த செல்வி?"

"இன்னாய்யா இங்கிலீஷ் வாத்தியாரே, புக்கு நீ வாங்கினதுதானே? முருகேசு அவள தோள்ல தூக்கிக்கினு உப்புக் காட்டுல நடந்துக்கினு கீறான். அதோட நிக்குது. அப்பறம் இன்னா ஆச்சி?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் உன் அம்மா. ஓர் ஆங்கில நாவலின் மூன்றாம் பாகம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். நீ பிளஸ் ஒன் சேர்ந்தபோது, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறக் கூடாது என்று சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து மூன்று நாவல்கள் வாங்கிவந்தேன். மஞ்சள் அட்டை, நீல அட்டை, கறுப்பு அட்டை. மூன்றும் ஒரே கதை. உலகத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. வேலி போட்ட ஓர் ஊர். உள்ளே இருப்பவர்களுக்கு அடையாள அட்டை உண்டு, அந்த அட்டைக்குத் தண்ணீர் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது. உள்ளே பதினாறு வயதுப் பெண், வெளியே ஒரு பையன், இருவருக்கும் காதல், ஓட்டம், பட்டினி, துப்பாக்கி. உன் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதுகிற வகை. நடை சுமார்தான். நான் எம்.ஏ., எம்.ஃபில். படித்தவன், கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவன், இதெல்லாம் இலக்கியமா என்று நினைத்தேன். நீயோ சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படித்தாய்.

கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். முத்தம், அணைப்பு என்று வருகிற பக்கங்களையெல்லாம் தேடி, வெளி ஓரத்தைச் சேர்த்து ஸ்டேப்ளரால் மூன்று மூன்று பின் அடித்தேன். கிழிக்கவில்லை. புத்தகத்தைக் கிழிக்கக் கூடாது என்கிற மரியாதை எனக்கு இருந்தது. அதில் பெருமையும் இருந்தது.

நீ வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா?

"இன்னாப்பா, புக்குக்கு தையல் போட்டு கீது? ஆபரேஷனா?"

பிறகு உனக்கே ஊசியும் மருந்தும் என்று ஆனது. முதலில் உன்னைக் காட்டிய டாக்டரின் பெயரை எழுதக் கூடாது என்கிறார்கள், எழுதவில்லை. மூன்று மாதம் உனக்கு ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தான். உன் மாமன், அம்மாவின் அண்ணன், வாசலில் நின்று "கண்ட புக்கையும் படிச்சிக்கினு கீறா, அதான் ஒடம்பு கெட்டுப்போச்சி" என்றான். நான் லீவு கேட்டபோது "செமஸ்டர் நேரம் சார்" என்றார் பிரின்சிபால். ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

ரத்தப் புற்று என்று தெரிந்த அன்று மாலை நான் மறுபடியும் ஸ்டேப்ளரை எடுத்தேன். இந்தத் தடவை சாவுகள். அந்த நாவல்களில் பத்துப் பக்கத்துக்கு ஒருவர் சாகிறார். நீல அட்டையிலும் கறுப்பு அட்டையிலும் ஒரு சாவு விடாமல் பின் அடித்தேன். முடிந்தபோது புத்தகத்தில் நடப்பதும் தூங்குவதும் தண்ணீர் தேடுவதும்தான் மிச்சம் இருந்தன.

காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போவோமே, நீ ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஓரிக்கை பக்கம் பாலாற்றுப் பாலம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்ப்பாய்.

"அப்பா, தண்ணியே இல்லாத ஆத்துக்கு எவ்ளோ நீட்டு பாலம் பாரேன். நாம இப்பவே அந்தக் கதைக்குள்ளதான் கீறோம்."

"பேசாம படி."

"இன்னாத்த படிக்கிறது? போன பக்கத்துல அவ தங்கச்சி இருந்தா. நடுவுல உன் பின்னு. அடுத்த பக்கத்துல இல்ல. எங்கப்பா போனா?"

"ஊருக்குப் போயிருப்பா."

நீ சிரித்தாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, நானும் ஊருக்குப் போவனா?" என்று கேட்டாய். அடுத்த மாதம் மாடல் எக்ஸாம் என்று நான் சொன்னேன். உனக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்கவில்லை.

நீ வேறொருத்தியிடம் கேட்டிருக்கிறாய். அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. உன் அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டே சொன்னாள், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

"நீ காலேஜுக்குப் போனதும் மத்தியானத்துல உக்காந்துக்குவோம். அவளுக்கு வெரல்ல பெலன் இல்ல, நான்தான் ஊக்கால நெம்பி பின்ன எடுப்பேன். அவ படிச்சி எனக்கு சொல்லுவா. நீ வர நேரத்துக்கு அதே ஓட்டைல உன் ஸ்டேப்ளராலயே திருப்பி அடிச்சிடுவேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா. நீ எங்கள ஏமாத்தல?"

அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை என்று அந்தப் பெண்ணுக்குச் செல்வி, பையனுக்கு முருகேசு என்று நீ வைத்தாயாம். வேலிக்கு வெளியே இருக்கிற குடிசைகளைப் பற்றி நீ சொன்னபோது, "நம்ம தெரு மாதிரியா?" என்று இவள் கேட்டாளாம். "ஆமாம்மா, ஆனா பைப்புகூட கெடியாது" என்றாயாம்.

"கேட்டாண்ட நின்னுக்கினு கார்டு செக் பண்ணுவானே, யாரு எத்த பாக்கணும், எத்த பாக்கக் கூடாதுன்னு ரூல் போடுவானே, அவனுக்கு இன்னா பேரு வச்சா தெரியுமா?"

"என்ன பேரு?"

"வாத்தியாரு."

எட்டு மாதத்துக்குப் பிறகு உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எழில். கோபம்தான் வந்தது. ராத்திரி பகலாய் உன்னைச் சுமந்துகொண்டு அலைந்தவன் நான். எனக்கு அந்தப் பெயரா?

அவள் நிறுத்தவில்லை. "அந்த ஊர்ல செத்தவங்க பேர சொல்லக் கூடாது. சொன்னா அன்னிக்குத் தண்ணி கெடியாது. எயிலு அத படிச்சிட்டு, 'நம்ம வூட்லயும் அதே ரூலுதாம்மா, நானு போனதும் பாரு'ன்னா. தங்கச்சி சாவற கட்டத்த நாலு வாட்டி படிக்க வச்சி கேட்டேன். அவளும் படிச்சா. பயமா கீதான்னு கேட்டேன். கீதுன்னா. கட்டிப் புடிச்சிக்கினேன். நீ ஒரு வாட்டியாச்சும் கேட்டியா?"

கேட்கவில்லை.

கறுப்பு அட்டையின் கடைசியில், நான் பின் அடித்த இரண்டு கட்டுகள் பிரிக்காமலே நின்றுவிட்டன. உன்னால் உட்கார முடியவில்லை, பிறகு ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். அதைத்தான் அவள் கேட்கிறாள். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். பின் அடிக்கும்போது எங்கே முத்தம், எங்கே சாவு என்று தேடினேனே தவிர, நான் கதையைப் படித்திருக்கவில்லை.

படித்தேன். மூன்று புத்தகத்தையும் ஒரு வாரத்தில். உத்திரமேரூரிலிருந்து கல்லூரிக்குப் போகிற பேருந்தில், கேண்டீனில், இடைவேளையில். எங்கள் டிபார்ட்மெண்ட் ஆள் ஒருவர், உன் சாவுக்கு வராதவர், அட்டையை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பசங்க படிக்கிற லவ் ஸ்டோரியா?" என்றார். "ஆமாம் சார், உங்களுக்குப் புரியாது" என்றேன்.

மஞ்சள் அட்டையில் நான் அடித்த முதல் கட்டு ஒன்பது பக்கம். அதில் முத்தம் இரண்டு வரி. மிச்சமெல்லாம், பாட்டில் மூடியில் ஊற்றிய தண்ணீரில் மாற்றி மாற்றி உதட்டை நனைத்துக்கொண்டு, உனக்கு எதைக் கண்டால் பயம், எனக்கு எதைக் கண்டால் பயம் என்று இரண்டு பிள்ளைகள் பேசிக்கொள்வது. இதையா மூடினேன்? நடை சுமார் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் படிப்பதை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் ஒரு நாள் ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

முடிவு இதுதான். செல்வி பிழைக்கவில்லை. கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவன் தோளிலேயே உயிர் போகிறது. அவன் திரும்பி நடந்து வேலி ஊருக்கே வருகிறான். அவளுடைய அட்டையோடு தண்ணீர் வரிசையில் நிற்கிறான். யாருடைய அட்டை என்று கேட்கிறார்கள். அவள் பெயரைச் சொல்கிறான். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. அவனை என்ன செய்தார்கள் என்பது இல்லை.

பிழைத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உன் அம்மாவால் சரிபார்க்க முடியாது. கடற்கரையில் குடிசை, இரண்டு குழந்தை என்று ஒரு முடிவை மனத்தில் எழுதியும் வைத்துவிட்டேன். உனக்குத் தெரியுமே, பொய்யில் நான் கெட்டிக்காரன்.

இன்று காலை அவள் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் கண் முன்னாலேயே பின்களை எடுத்தேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"அந்தப் பேரு வோணாம், செல்வின்னு சொல்லு."

செல்வி என்று சொன்னேன்.

"அவ அப்டி பேசமாட்டா. மூச்சு வாங்கிக்கினு கீறா இல்ல, மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொன்னேன். உயிர் போகிற வரி வந்ததும் நின்றுவிட்டேன். "ம், படி" என்றாள். படித்தேன். கடைசி வரி வரைக்கும் ஒரு வார்த்தை விடவில்லை.

அவள் அழவில்லை. புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"எயிலு தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னியே. நெசமா?"

எழில், அந்தக் காலையை உன்னையும் என்னையும் தவிர யாரும் அறியமாட்டார்கள். காப்பீட்டு அட்டையின் நகல் வேண்டும் என்று உன் அம்மாவைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியவன் நான். இன்றைக்கோ நாளைக்கோ என்று முதல் நாளே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் அனுப்பினேன். நகல் கொடுத்துக்கொண்டே இருந்தால் நீ இருந்துகொண்டே இருப்பாய் என்று நினைத்தேனோ என்னவோ. பத்தரை மணிக்கு நீ கண்ணைத் திறந்தாய்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை, நான் மறைத்ததை, நீ விழித்துக்கொண்டிருந்ததை. "முழிச்சிக்கினுதான் இருந்தா. உன்னைத்தான் கூப்பிட்டா."

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி."

"நீ இன்னா சொன்ன?"

"வந்துகினு கீறான்னு சொன்னேன்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்டி கூப்ட்டா? அவ கூப்ட்ட மாதிரியே சொல்லு."

ஐம்பது வயது ஆண் நான். என் தொண்டையில் உன் குரலைத் தேடி எடுத்து, நீ கூப்பிட்ட மாதிரியே, இரண்டாவது தடவை இழுத்தது, மூன்றாவது தடவை பாதியில் நின்றது, எல்லாம் அப்படியே கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவதற்கு அவள், "இன்னாடி" என்று பதில் சொன்னாள்.

என்னை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கமாட்டாள், நானும் கேட்கவில்லை. எனக்குப் பழக்கமில்லாத காரியம் அது. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் நாளைக்கும் கேட்பாள், அடுத்த வருடமும் கேட்பாள். எப்போது கேட்டாலும் கூப்பிட்டுக் காட்டுவேன். மூன்று தடவையை இரண்டாகக் குறைக்கமாட்டேன்.

பயமாக இருக்கிறதா என்று உன்னைக் கேட்காமல் போன,
உன் அப்பா.