பிடி எல்லைக்கு வெளியே

இன்று காலை தம்பி வந்தான். அச்சகத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கையிலிருந்த தாள்களின் மை வாசம் அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது. நீங்கள் இருந்த காலத்தில், கொழும்பு பஸ்ஸில் பின்னேரம் வரும் பேப்பரை முதலில் மூக்கில் வைத்துத்தான் பார்ப்பீர்கள். பிறகுதான் விளையாட்டுப் பக்கம். "இஞ்ச புள்ள, எண்ட நாலாம் பந்திய வெட்டிப்போட்டானுகள்!" என்று, கொழும்பில் இருக்கிற ஆசிரியருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவீர்கள்.

தம்பிதான் இப்போது ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதில் உங்களுக்கு ஒரு முழுப் பக்கம். "ராத்தா, மச்சான்ட நல்ல படம் ஒண்டு தாங்க" என்றான். நானும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சந்தோசமாகத்தான் வாசித்தேன், கடைசிப் பந்திக்கு வரும்வரை. அந்த இறுதிப் போட்டியைப் பற்றி நீங்கள் எழுதியது பிழை என்று பின்னர் உணர்ந்து வருந்தினீர்களாம்.

வருந்தினீர்களா? நீங்களா? அடுப்பில் பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை.

உங்களை எனக்கு மாப்பிள்ளையாகப் பாலமுனையிலிருந்து கொண்டுவந்தார்கள். கல்முனைத் தபால் கந்தோரில் வேலை, நல்ல பிள்ளை என்றார்கள். பேப்பருக்கு எழுதுகிறவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி நீங்கள்தான் என் வீட்டுக்கு வந்தீர்கள். வந்த கிழமையே ஒரு பின்னேரம் ஆளைக் காணவில்லை. "கலியாணம் முடிச்ச கையோட ஓடிட்டாரா?" என்று உம்மா தலையில் கைவைத்தா. மஃரிப் தொழுகைக்குப் பிறகு முழங்கால்வரை மண்ணோடு வந்து நின்றீர்கள். "மெட்ச் இரிந்திச்சு மாமி" என்றீர்கள், அது போதிய காரணம் என்பதுபோல.

உம்மா மவுத்தாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

எந்தப் போட்டிக்கும் உங்களுக்கு மேடையில் கதிரை போடுவார்கள். நீங்கள் இருக்கவே மாட்டீர்கள். குடையைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டருகே வெயிலில் நிற்பீர்கள். "மேடையில இரிந்தா மாலை தெரியும், பந்து தெரியா" என்பீர்கள். எழுதிய செய்தியைக் கொழும்பு பஸ் கொண்டக்டரின் கையில் கொடுத்துவிடுவீர்கள். சண்டையால் பாதை பூட்டிய நாட்களில் அது தேங்கிக் கிடந்து, வெற்றிக் கிண்ணத்தில் தூசி பிடித்த பிறகுதான் அச்சில் வரும். அந்தப் பழசையும் ஊர் சுற்றி நின்று வாசித்தது. வாசிக்காமல்? அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் பொடியன்மாரின் பெயர் பேப்பரில் வருவதென்றால் பெரும்பாலும் மவுத்துச் செய்தியில்தான். நீங்கள் ஓட்டம் எடுத்ததற்காக, பந்து பிடித்ததற்காகப் பெயர் போட்டீர்கள். தோற்றவர்களின் பெயரையும் விடமாட்டீர்கள். ஒரு தாய் அந்தத் துண்டை வெட்டிக் குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழே ஒட்டியிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

பிறகு வந்தது அந்த இறுதிப் போட்டி. எங்கள் ஊருக்கும் பாலமுனைக்கும். கடைசிப் பந்து, எல்லையைத் தாண்டினால் கிண்ணம் பாலமுனைக்கு. பாலமுனைப் பொடியன் தூக்கி அடித்தான். எல்லையில் நின்ற என் தம்பி பின்னால் ஓடிப் பாய்ந்து பிடித்தான். நடுவர் விரலை உயர்த்தினார், சனம் மைதானத்துக்குள் பாய்ந்து சுண்ணாம்புக் கோட்டை மிதித்து அழித்துவிட்டது. கிண்ணம் எங்களுக்கு. ஊரே பட்டாசு கொளுத்தியது. நீங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு முன் எழுத உட்கார்ந்தீர்கள். வெற்றி அறிவிக்கப்பட்டது என்று எழுதினீர்கள். அடுத்த வரியில், பிடி எல்லைக்கு வெளியே எடுக்கப்பட்டது, இந்த நிருபர் அவ்விடத்தில் நின்றிருந்தார் என்று எழுதினீர்கள்.

"தம்பிட பேரும் வருதே" என்றேன்.

"வராம எப்பிடி? அவன்தானே பிடிச்சான்."

பேப்பர் வந்த அன்றே நாலைந்து பேரோடு தம்பி வீட்டுக்குள் வந்துவிட்டான். "இந்த ஊருல சாப்பிட்டுப்போட்டுப் பொறந்த ஊருக்கு எழுதுறீங்களே மச்சான், வெக்கமில்லையா?" என்று கேட்டான். "நான் கண்டத எழுதின" என்றீர்கள், குரலை உயர்த்தாமல். கூட வந்த ஒருவன், "வந்த மாப்புள வந்த மாதிரி இரிக்கோணும். மறுப்பு எழுதித் தாங்க, இல்லாட்டி ஊர விட்டுப் போங்க" என்றான்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "ஆரு ஆரைப் போகச் செல்ற? இது எங்கட உம்மா எனக்குத் தந்த வூடு. இதுக்குள்ள ஆரு இரிக்கிற, ஆரு போற எண்டு நான்தான் செல்லோணும். இப்ப நீங்க போங்க." தம்பி என்னைப் பார்த்தான். "நீயும்தான்" என்றேன்.

அவர்கள் போனபின் நீங்கள் கதிரையில் சாய்ந்து சிரித்தீர்கள். "இவ்வளவு நல்லா ஏசுவியா? தெரியாமப் போச்சே புள்ள!"

பாலமுனையிலிருந்து உங்கள் சொந்தக்காரர் பெரிய பாரை மீனொன்றைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வந்ததும் நினைவிருக்கிறது. நீங்கள் வாங்கவில்லை. "உங்கட பவுலர் கைய மடக்கி எறியிறான். அடுத்த மெட்ச்சில அதையும் எழுதுவன். அப்ப மீனத் திருப்பிக் கேப்பீங்க" என்றீர்கள். மீன் நல்ல மீன். எனக்கு அந்தக் கவலை கொஞ்சநாள் இருந்தது.

ஊரிலிருந்து கொழும்புக்குப் பெட்டிசன் போனது. ஒரு வரி வருத்தம் எழுதினால் போதும், விசயம் முடிந்தது என்று பேப்பர்க்காரர்கள் எழுதினார்கள். நீங்கள் அடுத்த போட்டியின் செய்தியை எழுதி, அடியில், முன்னைய செய்தியில் திருத்தம் எதுவும் இல்லை என்று சேர்த்து அனுப்பினீர்கள். அவர்கள் போடவில்லை. அடுத்ததற்கும் அப்படியே எழுதினீர்கள், அதுவும் வரவில்லை. ஒரு பருவம் முழுக்க உங்கள் பெயர் பேப்பரில் இல்லை. கந்தோரில் சிரித்தார்கள், பள்ளிவாசலில் சிலர் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தீர்கள். "போடாத செய்திக்கு எதுக்கு வெயில்ல காயிற?" என்று கேட்டேன். "விளையாடுறவன் விளையாடுறானே" என்றீர்கள். பிறகு ஒருநாள் உங்கள் செய்தி திரும்ப வந்தது. ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

தம்பி பிறகு வந்துபோனான்தான். பெருநாளைக்கு வந்தான், உங்கள் ஜனாஸாவைத் தோளில் சுமந்தான். அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அந்தப் பிடியைப் பற்றி நீங்கள் இருவரும் கடைசிவரை கதைக்கவில்லை. இன்றைக்கு, நீங்கள் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து, அதைக் கதைக்க வந்திருக்கிறான்.

"இந்தப் பந்திய வெட்டு" என்றேன்.

"ராத்தா, ஊருக்கு அந்தக் கிண்ணம் பெரிசு. மச்சானுக்கும் மரியாதை தந்துதானே எழுதியிரிக்கம்? ஒரு வரிதானே!"

"ஒரு வரிதான். அந்த ஒரு வரியத்தான் அவருக்கிட்டயும் கேட்டாங்க. தந்தாரா?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க மைதானத்துக்கே வரல்ல. எண்ட கால் வெளிய போனத நீங்க கண்டீங்களா?"

"நான் காணல்ல. அவரு கண்டாரு. எனக்கு அது காணும், வேற சாட்சி வேணாம்."

தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழும்பினான். தேத்தண்ணி குடிக்கவில்லை. வாசல் படலையடியில் நின்று, படம் இல்லாமலே போடுவோம் என்றான். போடட்டும். போட்டால் நான் அந்த மலர் வெளியீட்டுக்குப் போவேன், பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று அது பொய் என்று சொல்வேன். இந்த வயதில் எனக்கு ஆரைப் பயம்? அவன் இனிப் பெருநாளைக்கு வராமல் விடலாம். ஒரே தம்பி, கவலை இல்லாமலா? வராவிட்டால் விடட்டும். ஹயாத்தோடு இருக்கும்போது ஒருவராலும் உங்களை வருந்த வைக்க முடியவில்லை. கபுருக்குள் இருக்கிற உங்களை இவர்கள் வருந்த வைக்க, நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்.