உறைகடலுக்கு அனுப்பியது நான்தான்

கானாக்,
மே 19

அன்புள்ள ஊலிப்பா அவர்களுக்கு,

துக்குமெக் எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகக் கேளுங்கள். உங்கள் லீத்தியா நன்றாக இருக்கிறாள். இதோ என் எதிரில், என் மகள் நிவியின் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சூப் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது, எங்கள் எழுத்தை உங்களுக்கும். அதனால் உங்கள் ஊர் இளைஞர் குழுவோடு வந்த பவுலூசி நாளை ஊர் திரும்பியதும் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை எண்களை அழுத்தினேன். உங்கள் குரலைக் கேட்டால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். குழுவினர் உங்களிடம், முகாமிலிருந்து திரும்பத் தாமதம், கையில் குளிர்க்காயம் என்று சொன்னார்களாம். அது பொய்யில்லை. ஆனால் நடந்தது அவ்வளவு மட்டும் இல்லை.

மார்ச் மாதம் இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் வீடு மாற்றி அனுப்புவதற்கு முன் நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "கரையில என்ன வேணா செய்யட்டும். ஐஸ் மேல மட்டும் போகவிடாதீங்க." ஏன் என்று கேட்காமல் சரி என்றேன். என் நிவி உங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கப் போகிறாள், உங்களுக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வேன்?

இரண்டு மாதம் வாக்குத் தவறவில்லை. லீத்தியாவும் முகம் சுளிக்கவில்லை. நீங்கள் 'ஸ' என்று சொல்வதையெல்லாம் நாங்கள் 'ஹ' என்கிறோமாம். "ஏன் அத்தை, உங்க ஊர்ல எல்லாருக்கும் மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கேட்டுச் சிரிப்பாள். என் கணவர் இலாங்குவாக் விடமாட்டார். "ஸ்னோமொபைல் வண்டி இல்லாம கக்கூஸுக்குக்கூட போகத் தெரியாத ஊர்க்காரி பேசறா பாரு" என்பார். அவருடைய பதினோரு நாய்களுக்கும் தினம் அவள்தான் இறைச்சி போட்டாள்.

சென்ற வாரம் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து உறைகடலில் முகாம் போடக் கிளம்பினார்கள். லீத்தியாவின் பெயர் பட்டியலில் இல்லை. காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அப்போதுதான் இனுக்கியைப் பற்றிச் சொன்னாள். ஐஸ் உடைந்து தன் அண்ணன் போனதை, அதன் பிறகு நீங்கள் கடல் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை என்பதை. "எல்லாரும் போறாங்க அத்தை. நான் மட்டும் கரையில நின்னு கையசைக்கணுமா? அம்மாவோட பயத்தை எத்தனை வருஷம்தான் நான் போட்டுக்கிட்டுத் திரியறது?" என்றாள்.  நான் நிவியின் தோல் பூட்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

வேறு யாரும் இல்லை, ஊலிப்பா. அனுப்பியது நான்தான்.

இரண்டாம் நாள், முகாமுக்குக் கூடப் போயிருந்த இலாங்குவாக் சீல் வேட்டைக்காக ஐஸின் விளிம்பு வரை நாய் வண்டியை ஓட்டினார். அவளையும் ஏற்றிக்கொண்டார். மதியம் கரையிலிருந்து காற்று எழும்பியது. இவர்கள் திரும்பும் வழியில் ஐஸ் பிளந்து, இவர்கள் நின்ற பாளம் கடல் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது. பிளவு அகலமாவதற்குள் வண்டியைத் தாண்டவைக்கப் பார்த்தார். முன்னால் ஓடிய நாய்கள் தண்ணீரில் விழ, அவற்றின் வாரில் சிக்கி இவரும் இடுப்பளவு இறங்கிவிட்டார். லீத்தியா கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, கத்தியால் வாரை அறுத்து, அவரை இழுத்துப் போட்டிருக்கிறாள். மூன்று நாய்கள் போய்விட்டன.

முப்பத்தொரு மணி நேரம். காற்று அடங்கும்வரை ஹெலிகாப்டர் வரமுடியாது என்றார்கள். மறையாத சூரியனுக்குக் கீழே கரையில் ரேடியோவைப் பிடித்தபடி நின்றேன். வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது, அவர்கள் மட்டும் தெரியவில்லை. கண்ணை மூடினால் என் கணவர் முகம் வரவில்லை. நேரில் பார்த்தேயிராத உங்கள் முகம்தான் வந்தது.

அங்கே உங்கள் மகள் அவருடைய ஈர உடுப்பைக் கழற்றித் தன்னுடையதைப் போட்டுவிட்டு, நாய்களைச் சுற்றிலும் படுக்கவைத்து, ஸ்டவ்வில் பனியை உருக்கி ஊட்டியிருக்கிறாள். அவர் கண் சொருகியபோதெல்லாம், "மாமா, தூங்கினா உங்க நாயையெல்லாம் குடுத்து ஸ்னோமொபைல் வாங்கிடுவேன்" என்று மிரட்டினாளாம். இனுக்கியைப் பற்றித்தான் அதிகம் பேசினாளாம். அண்ணன் என்ன பாட்டை விசிலடிப்பார், எப்படிச் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார் என்றெல்லாம். வீட்டில் அவர் பெயரைச் சொல்லியே இரண்டு வருடம் ஆகிறதாம். இலாங்குவாக் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

காற்று அடங்கியதும் ஹெலிகாப்டர் இருவரையும் தூக்கி வந்தது. அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனி கறுத்திருக்கிறது. ஒன்று தப்பிக்கும் என்கிறார் நர்ஸ். மற்றதை எடுக்க வேண்டிவரலாம். உங்களிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை.

நிவிக்கு இதுவரை எதுவும் தெரியாது. அப்பா பிழைத்ததை உங்கள் வாயால் கேட்டால் அவள் தாங்கிக்கொள்வாள். என் மேல் உள்ள கோபத்தில் அவளை உடனே திருப்பி அனுப்பத் தோன்றினால் அனுப்புங்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதுவரை அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில்கூட அந்தக் கோபம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீத்தியா அடுத்த வியாழன் வருகிறாள். என்னைப் போலவே அவளுக்கும் பயம்தான், கடலைப் பார்த்து இல்லை. "அம்மா என்னை எப்படிப் பாப்பாங்க அத்தை?" என்று இன்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள். என்னை மன்னிக்கச் சொல்லி உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இதை மட்டும் கேட்கிறேன். விமானத்திலிருந்து அவள் இறங்கி வரும்போது முதலில் அவள் முகத்தைப் பாருங்கள். கையைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்கு நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்குக் கடன்பட்ட
துக்குமெக்