உன் பேர் ஒட்டிய டப்பா

பாப்பு,

நேற்று என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வெள்ளை மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அலமாரியில் வைத்தாள். விடிந்ததும் முதல் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்களாம். அவளுக்கு இது நாலாம் மாசம். டப்பாவில் அவள் பேர் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் மீன் கழுவப் போறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அஞ்சாவதோடு நின்றுபோன கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த புதுசு. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் எடுத்து, ஆட்டோவில் கூடையை ஏற்றி, டவுன் மார்க்கெட்டுக்கு உன்னைக் கூட்டிப்போனவள் நான்தான். தண்ணி குடிக்காதே என்று பழக்கினவளும் நான்தான். அங்கே பொம்பளைகள் ஒதுங்க இடமில்லை; இருந்த ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. காலையில் ஒரு வாய் டீ. அப்புறம் வீடு திரும்புகிறவரை நாக்கு நனையாது. மாசமான பிறகும் நீ அப்படியே இருந்தாய். நானும் விட்டுவிட்டேன்.

"அக்கா, ஒண்ணுக்குப் போனா மிளகாய் தேச்ச மாதிரி எரியுது" என்றாய் ஒருநாள்.

"சூடுடி" என்று தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். "எதுக்கும் டாக்டரம்மாகிட்ட சொல்லு."

"அந்த எடத்துல எரியுதுன்னு எப்படிக்கா வாய்விட்டுச் சொல்றது? அதான் டெஸ்ட் பண்றாங்கள்ல, அதுலயே தெரிஞ்சுடும்."

ஆறாம் மாச செக்கப்புக்கு மார்க்கெட்டிலிருந்து நேரே போனோம். உன் பேர் ஒட்டிய டப்பாவோடு கக்கூசுக்குள் போன நீ வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண்ணெல்லாம் தண்ணி. டப்பாவில் நாலு சொட்டு. "முக்கி முக்கிப் பாத்துட்டேன்க்கா, வரமாட்டேங்குது."

லேப் சன்னலில் அந்தம்மா, "இன்னும் யாரு பாக்கி? சீக்கிரம் குடுங்க" என்று சத்தம் போட்டாள். கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவந்த அவசரம் எனக்கு. காலையிலிருந்து அடக்கிவைத்ததும் இருந்தது. "குடு இங்க. பொம்பளை மூத்திரம் எல்லாம் ஒண்ணுதான்" என்று டப்பாவை வாங்கி, அந்த நாலு சொட்டையும் கொட்டிக் கழுவி, என்னுடையதைப் பிடித்துக் கொடுத்தேன்.

"அக்கா, நீயும் முழுகாம இருக்கேன்னு சொல்லிடப் போறாங்க!"

"கர்ப்பப்பையே எடுத்தாச்சு. அப்படிச் சொன்னா அந்த லேப்புக்காரிக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தரேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

கிருமி ஒன்றும் இல்லை என்று உன் செக்கப் நோட்டில் எழுதிக்கொடுத்தார்கள். அதன்பிறகு எரிந்தபோதெல்லாம், "டெஸ்ட்டுலயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே, சூடுதான்க்கா" என்றாய். யாருடைய மூத்திரத்துக்கு வந்த பதில் அது என்பது நம் ரெண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

ஏழாம் மாசம் குளிர்க்காய்ச்சல் வந்தது. விலாவுக்குப் பின்னால் கை வைக்கவிடாத வலி. நோட்டில் மூத்திரம் சுத்தம் என்று இருந்ததால் வேறு காய்ச்சலைத் தேடினார்கள். அதில் ஒரு நாள் போனது. திரும்ப டெஸ்ட் எடுத்தபோது கிருமி சிறுநீரகம் ஏறி ரத்தத்தில் கலந்திருந்தது. பிள்ளை முதலில் போனது. மூன்றாம் நாள் நீ.

மாசமாக இருக்கும்போது ஊறுகிற ஹார்மோன் நீர்ப்பாதையைத் தளர்த்திவிடுமாம். நீர் தேங்கும், கிருமி சுலபமாக மேலே ஏறும், முன்னமே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

இன்று காலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ போனபிறகு முதல்தடவையாக ஒரு ஆளிடம் சொல்கிறேன். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், பிறகு மெல்ல, "சித்திக்குத் தெரியும்ல? அவங்களாவது ஏம்மா சொல்லல?" என்றாள்.

அதைத்தான் பாப்பு நானும் சுமந்துகொண்டிருக்கிறேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, "போன மாசம் சுத்தமா இருந்திருக்கே" என்றபோது, தலைமாட்டில் உன் புருஷன் நின்றான். நீ அவனையும் பார்க்கவில்லை, டாக்டரம்மாவையும் பார்க்கவில்லை. காய்ச்சல் கண்ணோடு என்னையே பார்த்தாய். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் மூடி நின்றேன்.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தாயா, இல்லை, நான் சொல்லிவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாயா?